வினைப்பெயரும் குடிப்பெயரும்

அணுக்கதிர் வீச்சினை அளத்தற்குரிய கருவியொன்றுக்குக் கைகர்–முல்லர் எண்ணி என்று பெயர். பௌதிகம் பயிலும் மாணவர் அதனை நன்கறிவர். ஹான்ஸ் கைகர், வால்டர் முல்லர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் 1928ஆம் ஆண்டில் அதனை ஆக்கினர். அவர் பெயரே கருவிக்கும் பெயராயிற்று. அப்பெயர்களின் பொருளைத் தமிழிற் சொல்லப் புகுந்தால் 'பிடில்காரர்–மாவரைப்பவர் எண்ணி' என்றன்றோ முடியும்! ஜேர்மன் மொழியிலே கைகர் என்பான் பிடில் வாசிப்பவன். முல்லர் என்பான் ஆலையிலே தானியம் அரைப்பவன். பிடிலுக்கும் அணுவுக்கும் யாது தொடர்பு? மாவாலைக்கும் பௌதிகத்துக்கும் யாது தொடர்பு? தொடர்பு யாதுமில்லை. அத்தொடர்பின்மையே இக்கட்டுரையின் பொருளாகும்.

மக்கட்குப் பெயர் அமையும் வகைகளைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துப் பெயரியலிலே வகுத்துள்ளார். நிலத்தாற் பெறுவது நிலப்பெயர். குடியாற் பெறுவது குடிப்பெயர். பண்பாற் பெறுவது பண்புகொள் பெயர். செய்யுந் தொழிலாற் பெறுவது வினைப்பெயர். தச்சன், கொல்லன் என்பன வினைப்பெயர்க்கு உரைகாரர் காட்டும் உதாரணங்கள். (நாம் இக்காலத்து இலக்கண வகுப்பிலே தொழிற்பெயர் என்று படிப்பது நடத்தல், உண்ணல் போல்வன; அது வேறு, இது வேறு.) ஐரோப்பிய அறிஞரும் தம் நாட்டுக் குடும்பப்பெயர்களை ஆராய்ந்து ஏறக்குறைய இதே பகுப்பினைச் செய்துள்ளனர். ஊரால் வந்தவை, தந்தை பெயரால் வந்தவை, உருவும் குணமும் பற்றி வந்தவை, தொழிலால் வந்தவை என நான்கு வகை கூறுவர். இவற்றுள் ஜேர்மனியிலே மிகுதியும் வழங்குவன தொழிலால் வந்தவையே. இன்று அந்நாட்டில் முதலிடம் பெறும் குடும்பப்பெயர் முல்லர்; அடுத்தது கொல்லன் எனப் பொருள்படும் ஷ்மிட்; மூன்றாவது தையற்காரன் எனப் பொருள்படும் ஷ்னைடர். மீனவனைக் குறிக்கும் ஃபிஷரும் நெசவாளனைக் குறிக்கும் வேபரும் அவற்றைத் தொடர்வன.

ஜேர்மனியிற் குடும்பப்பெயர் பிறந்த வரலாறு

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மானியர்க்கும் நம்மைப் போல ஒற்றைப் பெயரே இருந்தது. சிற்றூரிலே ஒருவரையொருவர் அறிவராதலின் அஃது அவர்க்குப் போதியதாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதலாக நகரங்கள் பெருகின. வரி வாங்குவோரும், நிலவுரிமை எழுதுவோரும், தொழிற் சங்கத்தாரும் ஏடுகள் எழுதத் தொடங்கினர். ஒரு தெருவிலே ஹான்ஸ் என்னும் பெயருடையார் பத்துப்பேர் இருப்பின் வரி செலுத்தியவன் எந்த ஹான்ஸ் என்று எழுதுவது? 'ஆலைக்கார ஹான்ஸ்', 'கொல்லன் ஹான்ஸ்' என்று எழுதினர். முதலில் அஃது ஆளுக்கு அடைமொழியாய் நின்றது. ஆள் மாறின் அடையும் மாறியது. நாளடைவில் மகனுக்கும் பேரனுக்கும் அவ்வடையே நிலைத்தது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களிலே தொடங்கிய இவ்வழக்கம் மெல்ல வடக்கே பரவியது. வடகடலோரத்து ஃபிரீசிய மக்களோ நெப்போலியன் 1811ஆம் ஆண்டிலே கட்டளையிடும் வரை, தந்தை பெயரை மகன் பெயரோடு சேர்த்து வழங்கும் முறையினையே கைக்கொண்டிருந்தனர். 1876 முதல் ஜேர்மனி முழுவதிலும் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கமே பதியலாயிற்று. அதன்பின் குடும்பப்பெயரின் எழுத்தும் உறுதிப்பட்டது.

முல்லர் என்னும் பெயர் ஏன் முதலிடம் பெற்றது? மாவரைப்போர் எண்ணிக்கையிற் பலராய் இருந்தமையாலன்று. உழவர் அவரினும் மிகப்பலர். ஆயின், ஊரார் அனைவரும் உழவராயிருக்கும்போது 'உழவன் ஹான்ஸ்' என்பதனால் யாரையும் பிரித்தறிய முடியாது. ஓர் ஊருக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஒருவன். ஆகவே அப்பெயர் ஆளைச் செவ்வனே சுட்டியது. ஊர்தோறும் ஆலையிருந்தமையின் ஊர்தோறும் ஒரு முல்லர் குடும்பம் தோன்றிற்று. ஒரே மூதாதையின் வழிவந்தோர் அல்லர் அவர். ஒரே தொழிலால் ஒரே பெயர் பெற்றோர்.

ஆலைக்காரனுக்கு அக்காலத்து நன்மதிப்பு இருந்ததென்று கருதற்க. ஊர்த் தலைவனுடைய ஆலையிலேதான் அரைக்கவேண்டும் என்னும் கட்டாயம் பலவிடத்தும் இருந்தது. கொடுத்த தானியத்துக்கு மா குறைந்தால் ஆலைக்காரன் மீதே ஐயம். அவன் கள்வன் என்னும் பழமொழிகளும் எழுந்தன. ஆலைக்காரன் மகனைத் தம் சங்கத்திற் சேர்க்கமாட்டோம் என மறுத்த தொழிற் சங்கங்களும் இருந்தன. நெசவாளர், நாவிதர், இடையர், குழலூதுவோர் ஆகியோர் மக்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. இவர்தம் பிள்ளைகளை விலக்கலாகாது என்று 1548, 1577 ஆகிய ஆண்டுகளிலே பேரரசின் சட்டங்கள் விதித்தன. ஒரு முறை விதித்தது போதாமையாற்றான் மறுமுறையும் விதிக்க நேர்ந்தது என்பது கருதத்தக்கது. தொழில் பற்றிய இழிவெண்ணம் நம் நாட்டுக்கே உரியதன்று என்பதும், சட்டத்தால் மட்டும் அது சாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

பெயரைப் போர்த்துக்கொண்டோர்

பதினாறாம் நூற்றாண்டிலே கல்வி கற்றோர் சிலர் தம் தாய்மொழிப் பெயரை இலத்தீனில் மாற்றிக்கொண்டனர். முல்லர் மொலிட்டர் ஆனார். வேபர் டெக்ஸ்டர் ஆனார். ஷ்னைடர் சார்ட்டோரியஸ் ஆனார். ஷ்மிட் பேபர் என்றும் பப்ரீசியஸ் என்றும் ஆனார். ஜேர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் தாய் டெக்ஸ்டர் குடும்பத்தவர். நெசவாளர் என்பதே அப்பெயரின் பொருள்.

பப்ரீசியஸ் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. 1711இல் ஜேர்மனியிலே பிறந்து, 1740இல் தரங்கம்பாடி வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியிலே நெடுங்காலம் வாழ்ந்து, 1791இல் மறைந்த யோகான் பிலிப் பப்ரீசியஸ் தமிழ்–ஆங்கில அகராதியொன்றை 1779இல் வெளியிட்டார். விவிலியத்தையும் தமிழிற் பெயர்த்தார். அவ்வகராதி பிற்காலத்துத் தரங்கம்பாடியிலே விரித்துப் பதிப்பிக்கப்பெற்றது. இரும்படிக்குந் தொழிலின் பெயர் தாங்கியவர் சொல்லைத் தொகுத்தார் என்க.

இதனினும் சுவையுடையது மாக்ஸ் முல்லர் வரலாறு. ரிக்வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை ஆறு பாகங்களாகப் பதிப்பித்த இப்பேரறிஞரின் பாட்டனார் டெசௌ நகரத்துத் தையற்காரர். தந்தையார் வில்ஹெல்ம் முல்லர் ஆசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றிய கவிஞர். ஆலைக்காரனின் அழகிய மகளைப் பற்றி அவர் பாடிய பாடற்றொகுதிக்கு ஷூபர்ட் என்னும் இசைவாணர் 1823இல் இசையமைத்தார். மாக்ஸ் முல்லர் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. குடும்பப்பெயர் மாவரைப்பவர், பாட்டன் தையற்காரர், தந்தை கவிஞர், மகன் வேதப் பதிப்பாசிரியர். மூன்று தலைமுறையில் மூன்று தொழில்; அவற்றுள் ஒன்றேனும் பெயருக்குரிய தொழிலன்று! மாக்ஸ் முல்லரும் இலத்தீன் வழக்கத்தை விட்டுவைத்தாரல்லர். வடமொழியிலே அதனைச் செய்தார். ரிக்வேதப் பதிப்பின் முகப்பேட்டிலே தம் பெயரை மோக்ஷமூலர பட்டர் என்றும், தம் பிறப்பிடத்தைச் சர்மண்ய தேசம் என்றும், தாம் வாழ்ந்த ஒக்ஸ்போர்ட்டை எருதின் துறை என்னும் பொருளமையக் கோதீர்த்தம் என்றும் பொறித்தார். மாவாலை மோட்சத்துக்கு மூலமாயிற்று!

இலங்கை வரலாற்றுக்கு உழைத்த மூவர்

நம் நாட்டின் பழஞ்செய்திகளை வெளிக்கொணர்ந்த ஜேர்மானியர் மூவரும் தொழிலாற் பெயர் பெற்ற குடும்பத்தவர் என்பது வியப்புக்குரியது. இலங்கைக் கல்வெட்டுக்களை முறையாகப் படித்தெழுதுமாறு அரசாங்கம் 1870களிலே நியமித்த முதல்வர் பவுல் கோல்ட்ஷ்மிட். அப்பெயர்க்குப் பொற்கொல்லர் என்பது பொருள். அவர் 1877இல் இந்நாட்டிலேயே காய்ச்சலால் உயிர் துறந்தார். அவர் விட்ட பணியைத் தொடர்ந்தவர் எட்வார்ட் முல்லர். இலங்கையின் பழங் கல்வெட்டுக்கள் பற்றிய அவர் நூல் 1883இல் வெளிவந்தது. மூன்றாமவர் வில்ஹெல்ம் கைகர். மகாவம்சத்தின் பாலி மூலத்தை 1908இற் பதிப்பித்து, 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தந்தார். வட்டகாமணி அபயன் காலத்திலே பிக்குகள் பௌத்த மறைகளை ஏட்டில் எழுதினர் என்னும் செய்தியை உலகம் அம்மொழிபெயர்ப்பின் வழியே படித்தது. அச்செயல் நிகழ்ந்த இடம் மாத்தளை அலுவிகாரை என மரபு கூறும். கதிர்வீச்செண்ணியை ஆக்கிய ஹான்ஸ் கைகர் இவ்வில்ஹெல்ம் கைகருடைய புதல்வரேயாவர். தந்தை பாலி கற்றார். மகன் அணுவைக் கற்றார். பிடிலோ பெயரில் மட்டும் நின்றது.

தமிழர் வழக்கு

இனி நம் வழக்கினை நோக்குவோம். சங்கத்தொகை நூல்களைப் பாடினோர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன் வேலை செய்தவர். மதுரைப் பெருங்கொல்லன் இரும்படித்தவர். எழுத்தாளன் சேந்தம்பூதனார் எழுதுதொழில் செய்தவர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் நாணயத்தின் தரம் நோக்கியவர். நக்கீரனாரோ மதுரைக் கணக்காயனாரின் மகனார்; கணக்காயர் என்பார் ஆசிரியர். ஊர், தொழில், இயற்பெயர் மூன்றும் ஒருங்கே நிற்கும் இப்பெயர்களிலே நாணமும் இல்லை, செருக்கும் இல்லை. கொல்லரும் வாணிகரும் மருத்துவரும் அரசரோடு ஒரே தொகையில் வைக்கப்பெற்றனர். அத்தொகைகளிலே மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என நம் நாட்டின் பெயர் தாங்கிய புலவரும் உளர்.

ஈழத்துப் பழங் கல்வெட்டுக்களும் இதனையே காட்டுகின்றன. குகைகளைப் பிக்குகளுக்கு வழங்கியோர் மருத்துவர் என்றும் கொல்லர் என்றும் குயவர் என்றும் தம் தொழிலைப் பொறித்துள்ளனர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே விசாகன் என்னும் தமிழ் வணிகன் பெயர் காணப்படுகின்றது. அநுராதபுரத்துத் தமிழ் இல்லறத்தார் அமைத்த மண்டபத்தின் கல்வெட்டு, அங்கே இருக்கை பெற்றோருள் ஒருவரை நாவிகன், அஃதாவது மரக்கலத் தலைவன் என்று குறிக்கின்றது.

எனினும் ஜேர்மனியில் நிகழ்ந்தது ஈண்டு நிகழவில்லை. சீத்தலைச் சாத்தனாரின் பேரன் கூலவாணிகன் என்னும் பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்ளவில்லை. தமிழர் தந்தை பெயரைத் தலையெழுத்தாக்கிப் பிள்ளைக்குப் புதுப்பெயரிடுவர். தலைமுறைதோறும் பெயர் புதிதாகும். இராமநாதன், அருணாசலம் என்னும் பெரியார் இருவரின் தந்தையார் பொன்னம்பல முதலியார். முதலியார் என்னும் பதவிப்பெயர் மக்களுக்கு வழிவழிப் பெயராகவில்லை; பொன்னம்பலம் என்னும் இயற்பெயரே அவர்க்கு முன்னின்றது. சிங்கள மக்களிடையே விதானகே, லேகம்கே முதலாகப் பதவியும் தொழிலும் பற்றிய வீட்டுப்பெயர்கள் நிலைத்துள்ளன. விதானையின் வீட்டார், எழுத்தரின் வீட்டார் என்பன அவற்றின் பொருள்.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. ஜேர்மனியிலே பெயர் நிலைத்தது, ஆள் விடுபட்டான். முல்லர் என்பவன் மாவரைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் நாட்டிலே பெயர் நிலைக்கவில்லை, ஆளோ நிலைத்துவிட்டான். கொல்லன் மகனுக்குக் கந்தன் என்றும் முருகன் என்றும் புதுப்பெயர் இட்டோம். ஆயினும் அவனைக் கொல்லன் என்றே வைத்தோம். தொழில் குலமாயிற்று, குலம் ஏணிப்படியாயிற்று. பெயரிலே எழுதாததனை மனத்திலே எழுதிக்கொண்டோம். 1929ஆம் ஆண்டிற் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப்பட்டம் இடுவதனை விடுக என்று தீர்மானித்தது. தமிழகத்தில் அவ்வழக்கம் பெரிதும் ஒழிந்தது நன்றே. ஆயின், பெயரிலிருந்து நீங்கியது மனத்திலிருந்தும் நீங்கிற்றா என்பதே வினா.

மலைநாட்டிற் பெயர்கள்

இவ்வினா நம் மாவட்டத்துக்கு அயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைக்கப்பெற்ற நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளை வந்து சேர்ந்தனர். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் அவர் உழைப்பால் வளர்ந்தன.

அவர்களை அழைத்துவந்தோன் கங்காணி. கண்காணி என்பது மேற்பார்வை என்னும் பொருளிற் சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களிலே பயின்ற நற்சொல். தோட்டத்திலே அது கடனுக்கும் கட்டுக்கும் உரிய சொல்லாயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தொழிலாளியின் கடனைக் காட்டிய துண்டு என்னும் சீட்டு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. கணக்குப்பிள்ளை என்பதோ ஏட்டுக்கணக்கு எழுதுவோனுக்குரிய பெயர். சோழமண்டலக் கரையிலிருந்த ஆங்கிலேயர் அதனைக் கொனிக்கொபொலி எனத் திரித்து வழங்கினர். மலைத்தோட்டங்களிலே அது மலையில் வேலை வாங்கும் மேற்பார்வையாளனைக் குறிக்கலாயிற்று. ஜேர்மனியிலும் இவற்றுக்கு நிகர் உண்டு. மையர் என்பான் நிலவுடைமையாளனுக்காகக் குடியானவரை மேற்பார்த்தவன். அவர்தம் கங்காணி எனலாம். ஷூல்ட்ஸ் என்பான் ஊர்த்தலைவன். அவர்தம் விதானை எனலாம். இரண்டும் இன்று யாதொரு அதிகாரமும் இல்லாத வெறுங் குடும்பப்பெயர்கள்.

தோட்டத்தில் வேலை செய்தோர்க்கோ இத்தகைய பெயர்தானும் இல்லை. தோட்டப்புற வழக்கிலே 'பேர்' என்னும் சொல்லே ஒருநாள் வேலையின் கூலிக்கணக்கைக் குறிக்கும். "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்பர், குறைந்த வேலைக்கு 'அரைப் பேர்' என்பர். மனிதனுடைய பெயர் செக்ரோலிலே ஒருநாட் கூலியாகச் சுருங்கிய கதையை இச்சொல் ஒன்றே கூறும். அப்பெயரும் செம்மையாய் எழுதப்பெற்றதா? பிறப்புப் பதிவில் ஒருவிதம், தோட்டப் பதிவில் ஒருவிதம், பாடசாலை இடாப்பில் ஒருவிதம் என எழுதப்பெற்ற குடும்பங்கள் பல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், இந்திய பாகிஸ்தானியர்க்கென 1949இல் வந்த சட்டமும் சான்றுகள் கேட்டபோது, பதிவேட்டின் ஓரெழுத்தும் ஒரு குடும்பத்தின் தலைவிதியாக நின்றது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. ஜேர்மனியிலே வரி ஏடு மக்களுக்குப் பெயர் தந்தது. இங்கே ஏட்டின் பிழை மக்களிடமிருந்து நாட்டையே பறித்தது.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

ஆலைக்காரன் மகனை ஆலையிலிருந்து விடுவித்தது எது? சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளே அழைத்துச் சென்றது கல்வியே. டெசௌ நகரத்துத் தையற்காரர் தம் மகனைப் படிக்கவைத்திராவிடின் கவிஞர் வில்ஹெல்ம் இல்லை. அவரின்றி வேதம் பதிப்பித்த மாக்ஸ் முல்லரும் இல்லை. நம் கல்லூரி இம்மலைநாட்டிலே செய்துவந்த பணியும் அதுவே. கொழுந்து கொய்தோர், பால் வெட்டினோர், கடை வைத்தோர், வண்டி ஓட்டினோர் ஆகியோர் பிள்ளைகள் இவ்வகுப்பறைகளில் ஒரே வாங்கில் அமர்ந்தனர். அவருள் இன்று ஆசிரியரும் மருத்துவரும் எழுதுநரும் வணிகரும் ஆனோர் இவ்விழா மலரைக் கையிலேந்தி இருக்கின்றனர். தொழில் வழிவழி வந்த விலங்கு அன்று என்பதற்கு அவரே சான்று.

ஆயினும் விடுதலை என்பது மறதி அன்று. தந்தையின் தொழிலைப் படிவத்தில் எழுதுங்கால் கை தயங்கும் மாணவர் இன்றும் உளர். அவர்க்குக் கூறுவது இது: தாமோதரனார் மருத்துவன் என்பதும் இளவேட்டனார் துணி விற்றார் என்பதும் நமக்குத் தெரிவது அவற்றை மறைக்காமல் எழுதிவைத்தமையாலன்றோ? உழைப்பை எழுதுதல் இழிவன்று. உழைத்தோன் மகன் உழைத்த இடத்திலேயே கிடக்கவேண்டும் என்று எண்ணுதலே இழிவு.

செயலளவில் இரண்டு கூறி முடிப்பேன். மாணவர்கள் தம் பெயரையும் தந்தை பெயரையும் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, பரீட்சை விண்ணப்பம், அடையாள அட்டை யாவற்றிலும் ஒரே எழுத்தால், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறுபாடின்றி எழுதுக. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லையாயினும் வெளிநாட்டுப் படிவங்கள் அதனைக் கேட்கும். அவ்விடத்துத் தந்தை பெயரை எழுதுவோர் எங்கும் அவ்வாறே எழுதுக. பழைய மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியர் பெயரையும், அவர் எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தனர், என்ன வேலை செய்தனர் என்பதனையும் ஓர் ஏட்டிலே எழுதிப் பிள்ளைகள் கையிற் கொடுக்க. ஜேர்மானியர்க்கு ஆயிரமாண்டு வரலாற்றைக் குடும்பப்பெயரே சுமந்து தருகின்றது. நமக்கு அதனைச் சுமக்கும் பெயர் இல்லை. ஆதலின் எழுதிவைப்போர் வேண்டும். அறிந்த முதியோர் உள்ளபோதே அது செய்யத்தக்கது.